கறையான் புற்றெடுக்க... சின்ன கேம்களும் பெரிய கல்லாக்களும்

2024 ஆகஸ்ட் 23ம் தேதி சோனி நிறுவனம் 'கான்கார்ட்' என்ற துப்பாக்கிச் சண்டை கேமை வெளியிட்டது. பல வருட உழைப்பு, பெரிய குழு, பெரிய பட்ஜெட். செப்டம்பர் 6ம் தேதி, அதாவது இரண்டே வாரத்தில், கடையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். வாங்கியவர்களுக்குக் காசு வாபஸ். அக்டோபரில் அதைச் செய்த ஸ்டுடியோவுக்கும் பூட்டு.

அதே வருடம் பிப்ரவரியில் 'பலாட்ரோ' என்று ஒரு சீட்டாட்ட கேம் வந்தது. செய்தவர் கனடாக்காரர். 'லோக்கல்தங்க்' என்ற புனைபெயரைத் தவிர அவரைப் பற்றி வெளியுலகத்துக்கு அதிகம் தெரியாது. போக்கர் விதிகளை எடுத்துக்கொண்டு, ஜோக்கர் சீட்டுகளால் அவற்றைக் கோணல்மாணலாக்கும் ஆட்டம். இசையை இன்னொருவர் செய்தார், ஒரு சின்ன பதிப்பாளர் வெளியிட உதவினார். மற்றபடி ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே ஆளின் இரண்டு வருட வேலை. ஒரு மாதத்தில் 10 லட்சம் பிரதிகள் போயின. 2025 ஜனவரிக்குள் 50 லட்சம்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'பார்த்தீங்களா, சுண்டெலி யானையை ஜெயிச்சிடுச்சு' என்று விசிலடிப்பது சுலபம். இணையத்தில் பாதிப்பேர் செய்வதும் அதுதான். அந்த விசில் சத்தத்தில் ஒரு கேள்வி அமுங்கிப்போகிறது. கான்கார்ட் தோற்றது, ஊழியர்கள் வேலையை இழந்தார்கள், சோனி அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. பலாட்ரோ தோற்றிருந்தால்? அப்படி ஒரு கேம் வந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு வருட உழைப்பும் அந்த ஒரு மனிதரின் தலையில் விடிந்திருக்கும்.

வீடியோ கேம் தொழிலில் புதுசாக ஒன்றைச் செய்துபார்க்கும் ரிஸ்க் பெரும்பாலும் சின்னவர்களின் தலையில்தான் விழுகிறது. அது பலித்தால் பெரிய நிறுவனங்களும் கடைக்காரர்களும் பங்குக்கு வருகிறார்கள். பலிக்காவிட்டால் யாரும் வருவதில்லை. போதாததற்கு, ரிஸ்க் எடுப்பவரிடமே கடை வாடகையும் அதிக விகிதத்தில் வசூலாகிறது. இந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், யார் இந்தச் சின்னவர்கள்? 'இண்டி' என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். 2023ல் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த சுயேச்சை கேம் பிரிவில் 'டேவ் தி டைவர்' போட்டியிட்டது. அதைச் செய்தது கொரியாவின் நெக்ஸான் என்ற ஜாம்பவானின் ஒரு கிளை! படத்தில் புள்ளிகள் பெரிசு பெரிசாகத் தெரிந்தால் அது இண்டி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. உருப்படியான அளவுகோல் வேறு: கேம் போணியாகாவிட்டால் யார் வீட்டு வாடகை பாக்கி விழும்? செய்தவர் வீட்டு வாடகை என்றால் அது சின்ன கேம். அவ்வளவுதான்.

இந்த அளவுகோலுக்குள் வருபவர்கள் பட்டியல் சுவாரசியமானது. ஜப்பானில் டைசுகே அமயா என்பவர் ஓய்வு நேரத்தில் ஐந்து வருடம் தனியாக உட்கார்ந்து 'கேவ் ஸ்டோரி'யைச் செய்து, 2004ல் இலவசமாகவே இணையத்தில் போட்டார். ஜோனதன் புளோ தன் கையிலிருந்து ஏறக்குறைய 2 லட்சம் டாலர் போட்டு 2008ல் 'பிரெய்ட்' கொண்டுவந்தார். எரிக் பரோன் நாலரை வருடம் தனியாக வேலை செய்தார். செலவுக்கு சியாட்டிலில் ஒரு நாடக அரங்கில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலை. 2016ல் வந்த அவருடைய 'ஸ்டார்ட்யூ வேலி' 2024 முடிவதற்குள் 4 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டது. பயிர் வைப்பது, மீன் பிடிப்பது, ஊர்க்காரர்களோடு பேசுவது, இவ்வளவுதான் ஆட்டம்.

பெரிய நிறுவனங்களிடம் பணம் இருக்கிறதே, அவர்களே இதையெல்லாம் செய்துபார்க்கலாமே என்று தோன்றும். அவர்களால் முடியாததற்குக் காரணமே பணம்தான். 2023ல் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் நிறுவனத்தை வாங்கும் விவகாரத்தை பிரிட்டனின் போட்டி ஆணையம் விசாரித்தது. அடுத்து வரவிருக்கும் பெரிய கேம்களின் பட்ஜெட் 20 கோடி டாலரும் அதற்கு மேலும் போகிறது என்று நிறுவனங்களே அங்கே சொன்னது அறிக்கையில் வந்தது. 20 கோடி டாலரை ஒரே கேமில் கொட்டுபவர், எல்லையில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுக்கு முத்திரை குத்தும் அதிகாரியைப் பற்றி கேம் எடுப்பாரா? மாட்டார். லூகாஸ் போப் எடுத்தார், 2013ல். பெயர் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. சம்பளத்துக்காக ஒரு சர்வாதிகார நாட்டில் முத்திரை குத்திக் குத்தி, எந்த இடத்தில் மனசாட்சி மக்கிப்போகிறது என்று ஆடுபவருக்கே தெரியாமல் போகும் கேம் அது. பெரிய பட்ஜெட்காரர் மூன்றாம் பாகம், நான்காம் பாகம் என்று போவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, பயம். நியாயமான பயமும்கூட.

ஆக, புதுசு வருவது கீழேயிருந்துதான். மேலே இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளும் விதம் இரண்டு.

நல்ல விதம் ஒன்று உண்டு. 2005ல் அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 'நார்பாகுலர் ட்ராப்' என்று ஒரு புராஜெக்ட் செய்தார்கள். சுவரில் ஒரு ஓட்டை போட்டால் இன்னொரு சுவர் வழியாக வெளியே வரலாம் என்பதுதான் கரு. அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007ல் 'போர்ட்டல்' வந்தது. யோசனை எங்கே போனதோ, யோசித்தவர்களும் அங்கேயே போனார்கள். (கல்லூரி புராஜெக்ட் என்றாலே சீனியரிடம் வாங்கி அட்டையை மாற்றி பைண்டிங் செய்வது என்று நினைப்பவர்கள் கவனிக்க.)

இன்னொரு விதத்துக்குத்தான் தமிழில் பழமொழியே இருக்கிறது: கறையான் புற்றெடுக்க கருநாகம் குடிபுகுந்தது. இன்னர்ஸ்லாத் என்ற மிகச் சின்ன குழு 2018ல் 'அமாங் அஸ்' வெளியிட்டது. 2021 ஆகஸ்ட்டில், எபிக் நிறுவனத்தின் 'ஃபோர்ட்நைட்'டில் ஏறக்குறைய அதே ஆட்டம் 'இம்போஸ்டர்ஸ்' என்ற பெயரில் முளைத்தது. மூலத்தின் பெயர் எங்கும் இல்லை. சேர்ந்து செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்னர்ஸ்லாத்காரர்கள் வெளிப்படையாகவே ஆதங்கப்பட்டார்கள். விஷயம் சூடானபிறகு, அக்டோபரில்தான் பெயரைக் குறிப்பிட்டார்கள். 2022ல் முறைப்படி கூட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த மரியாதையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு ரூபாய் செலவாகியிருக்காது.

'த்ரீஸ்' கதை இன்னும் பரிதாபம். ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வெண்டும் 14 மாதம் இழைத்து இழைத்துச் செய்த எண் புதிர். 2014 பிப்ரவரியில் வந்தது, விலை 2 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. ஒரே மாதத்தில் 'த்ரீஸ்' போன்ற இலவச ஆட்டங்கள் கிளம்பின. அவற்றில் பிரபலமான '2048'ஐ 19 வயது இத்தாலிய இளைஞர் ஒருவர் ஒரு வார இறுதியில் விளையாட்டாகச் செய்தார். அவர் அதை விற்கவில்லை, முன்னோடிகளின் பெயரையும் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதையும் நகலெடுத்து, விளம்பரம் ஒட்டி, கைபேசிக் கடைகளில் கல்லா கட்டியவர்கள் ஏராளம். இன்றைக்கு '2048' என்றால் தெரியாதவர் கிடையாது. 'த்ரீஸ்' என்றால் தெரிந்தவர் எத்தனை பேர்?

அப்படியானால் சட்டம் போட்டு நகலைத் தடுக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். வேண்டாம். காப்புரிமை படத்தையும் இசையையும் நிரலையும் காக்கும், ஆட்ட விதியைக் காக்காது. அது அப்படி இருப்பதே சின்னவர்களுக்கு நல்லது. 'ஸ்டார்ட்யூ வேலி' ஜப்பானின் 'ஹார்வெஸ்ட் மூன்' இல்லாமல் பிறந்திருக்காது. 'வாம்பயர் சர்வைவர்ஸ்' செய்த லூகா கலாந்தே, 'மேஜிக் சர்வைவல்' என்ற கைபேசி கேமிலிருந்து யோசனை கிடைத்ததை ஒளித்ததே இல்லை. விதிகளுக்கும் பூட்டு என்று வந்தால், சாவிகளை வாங்கிக் குவிப்பது வக்கீல் படை வைத்திருப்பவர்கள்தான். எதிரிகள் ஆடுபவரை ஞாபகம் வைத்துக்கொண்டு பழிவாங்க வரும் 'நெமிசிஸ்' அமைப்புக்கு வார்னர் பிரதர்ஸ் 2021ல் பேட்டன்ட்டே வாங்கிவிட்டது. கேட்டால் கடன் கொடுப்பது, வாங்கினால் கடன்காரன் பெயரைச் சொல்வது என்ற வழக்கம் போதும்.

சரிசெய்ய வேண்டிய இடம் சட்டம் அல்ல, கடை வாசல்.

ஒரு காலத்தில் கேம் விற்பது என்றால் குறுவட்டு, அட்டைப்பெட்டி, கடையில் அலமாரி இடம். பதிப்பாளர் இல்லாமல் அந்த அலமாரியை நெருங்கவே முடியாது. 2003ல் வால்வ் தொடங்கிய ஸ்டீம் இணையக் கடை 2005லிருந்து வெளியார் கேம்களையும் விற்க ஆரம்பித்தது. சின்னவர்களுக்கு அது பெரிய திறப்பு, மறுப்பதற்கில்லை. 2012ல் வாசகர் ஓட்டு மூலம் கேம்களைத் தேர்ந்தெடுக்கும் 'கிரீன்லைட்' வந்தது. 2017ல் அதையும் எடுத்துவிட்டு, 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று கதவை அகலத் திறந்தார்கள். விளைவு, 2024ல் மட்டும் ஸ்டீமுக்கு வந்த கேம்கள் 18 ஆயிரத்துக்கும் மேல். ஒரு நாளைக்குச் சராசரியாக 50 கேம்! வாசல் பிரச்சினை தீர்ந்தது, இப்போது கூட்டத்தில் முகம் தெரிவதுதான் பிரச்சினை.

இந்த இடத்தில்தான் அந்த வாடகைக் கணக்கு வருகிறது. ஸ்டீமின் பங்கு 30 சதவீதம். 2018 இறுதியில் அதில் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். யாருக்கு? ஒரு கேம் 1 கோடி டாலர் விற்பனையைத் தாண்டினால், அதற்கு மேல் வரும் பணத்துக்குக் கடையின் பங்கு 25 சதவீதம். 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதம். அதாவது, 20 ஆயிரம் டாலருக்கு விற்ற தனி ஆள் 6 ஆயிரத்தைக் கடைக்கு எண்ணிவைக்க வேண்டும். கோடிகளில் விற்பவருக்கோ விகிதம் குறைந்துகொண்டே போகும். வருமான வரியில் சம்பளம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும். இங்கே ஏணியைத் தலைகீழாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள்.

'வியாபாரம் என்றால் மொத்தமாக வாங்குபவருக்குத் தள்ளுபடி கொடுப்பது சகஜம்' என்ற வாதம் உடனே வரும். பெரியவர்கள் சொந்தக் கடை போட்டுப் பிரிந்து போய்விடாமல் இருக்கத்தான் அந்தச் சலுகை என்பதும் உண்மை. ஆனால் வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. வழக்குகளும் விசாரணைகளும் நெருக்கியபிறகு ஆப்பிள் 2021ல், வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிப்பவர்களுக்குப் பங்கை 15 சதவீதமாகக் குறைத்தது. கூகுளும் அதே வருடம் பின்தொடர்ந்தது. மேலே திட்டு வாங்கிய அதே எபிக், 2025 ஜூனிலிருந்து தன் கடையில் ஒவ்வொரு கேமுக்கும் வருடத்தின் முதல் 10 லட்சம் டாலருக்குப் பங்கே வேண்டாம் என்று அறிவித்தது. 'இட்ச்' என்ற சின்ன கடையில், கடைக்கு எவ்வளவு தருவது என்பதை விற்பவரே தீர்மானிக்கலாம். இவர்களில் யாரும் திவாலாகிவிடவில்லை.

கடை மட்டுமல்ல, கருவியும் பிறர் கையில். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், தன் எஞ்சினில் செய்த கேம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் என்று திடீரென அறிவித்தது. பல வருடம் அந்த எஞ்சினை நம்பி வேலை செய்தவர்கள் ஆடிப்போனார்கள். எதிர்ப்பு பலமாகி, அடுத்த மாதமே தலைமை அதிகாரி பதவி விலகினார். ஒரு வருடம் கழித்து அந்தத் திட்டத்தையே ரத்து செய்தார்கள். ரத்து செய்தது நல்லது. ஆனால் இன்னொருவர் நிலத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் உறைத்தது.

தரநிர்ணயத்திலும் இதே கூத்து. 'பலாட்ரோ'வில் நிஜக் காசு வைத்து ஆட எதுவும் கிடையாது. ஆனாலும் போக்கர் சம்பந்தப்பட்டது என்று ஐரோப்பிய வயது முத்திரை அமைப்பு அதற்கு '18' குத்தியது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத சீட்டுப் பொட்டலங்களை நிஜக் காசுக்கு விற்கும் பிரபல கால்பந்து கேமுக்கோ '3'. மேல்முறையீட்டுக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில்தான் பலாட்ரோவின் முத்திரை '12' ஆனது.

இதற்கெல்லாம் இன்னொரு பதிலும் தயாராக இருக்கிறது: நல்ல சரக்கு தானாக விலைபோகும். போகுமா? 'அமாங் அஸ்' 2018ல் வந்து இரண்டு வருடம் ஏறக்குறைய யாரும் சீந்தாமல் கிடந்தது. 2020 ஊரடங்கில் நேரலைக்காரர்கள் எடுத்து ஆடியபிறகுதான் உலகமே ஆடியது. கேம் அதே கேம்தான். 2019ல் கடையைக் கட்டியிருந்தால்?

'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' இன்னும் சங்கடமான உதாரணம். டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006லிருந்து இலவசமாகக் கொடுத்துவந்த கேம். படங்களே கிடையாது, எல்லாம் எழுத்துகளும் குறிகளும். ஒரு முழு உலகத்தையும் அதன் வரலாற்றையும் கணினி தானே உருவாக்கும். 'மைன்கிராஃப்ட்' உட்பட எத்தனையோ கேம்களுக்கு உந்துதல் அதுதான். மைக்ரோசாஃப்ட் 2014ல் 'மைன்கிராஃப்ட்' நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியபோது ஆடம்ஸ் சகோதரர்கள் ரசிகர்களின் நன்கொடையில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஜாக்குக்குத் தோல் புற்றுநோய் வந்து, மருத்துவச் செலவு பற்றிய பயம் தட்டியபிறகுதான் காசுக்கு விற்பது என்று 2019ல் முடிவெடுத்தார்கள். 2022 டிசம்பரில் படங்களோடு ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே 70 லட்சம் டாலருக்கு மேல் வரவு. முடிவு சுபம்தான். ஆனால் 16 வருடம் இலவசமாக ஆடி, மற்றவர்கள் அதிலிருந்து எடுத்து எடுத்துச் சம்பாதித்த பிறகு வந்த சுபம்.

சின்னவர்கள் எல்லோரும் ஏழைகள், பெரியவர்கள் எல்லோரும் வில்லன்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி, கையளவு ஆட்களைக் கொண்ட குழு. அவர்களுடைய 'சில்க்சாங்' 2025 செப்டம்பர் 4ல் வந்தபோது கூட்டம் தாங்காமல் இணையக் கடைகளே திணறின. அதற்கு இரண்டு வாரம் முன்பு தேதி தெரிந்ததும், பல சின்ன கேம்கள் தங்கள் வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஓடின. தீபாவளிக்குப் பெரிய ஹீரோ படம் வந்தால் சின்ன படங்கள் ஒதுங்குமே, அதே காட்சி. நேற்றைய சின்னவர் இன்றைய பெரியவர் ஆகலாம். ரிஸ்க் யார் தலையில் என்று பார்ப்பதுதான் முறை, ஆட்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது அல்ல.

இவ்வளவு கவலைப்பட என்ன இருக்கிறது, வெறும் விளையாட்டுதானே? தமிழ் தெரிந்தவர்களுக்கு இதற்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. 2023 ஜூலையில் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. செய்தது டொரண்டோவின் விசை கேம்ஸ். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். கிழிந்து, எழுத்து அழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு, விட்டுப்போன இடங்களை யூகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். முதல் புதிரே இட்லித் தட்டு அடுக்குவது! ஒரு தட்டின் குழி அடுத்த தட்டின் ஓட்டைக்கு மேலே வருகிற மாதிரி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி போகாது. வீட்டில் யாரும் எழுதி வைத்திராத இந்த அறிவு ஒரு வீடியோ கேமில் புதிராக வந்திருக்கிறது. அம்மா தமிழில் கேட்க மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் அந்த இடைவெளி, சமையலுக்கு நடுவிலேயே வருத்தமாக வளர்கிறது. 2024ல் அதற்கு பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது கிடைத்தது. 20 கோடி டாலர் பட்ஜெட்டில் இட்லித் தட்டுக்கு யாரும் இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

ஆக, செய்ய வேண்டியது என்ன?

கடைக்காரர்கள் ஏணியை நிமிர்த்தி வைக்கலாம். முதல் சில லட்சம் டாலருக்குக் குறைந்த பங்கு, பிறகு ஏறுமுகம். பெரிய நிறுவனங்கள், எடுத்த இடத்தின் பெயரை முதல் நாளே சொல்லலாம். முடிந்தால் செய்தவர்களையும் கூட்டிக்கொள்ளலாம்.

வாங்குபவர்களுக்கும் பங்கு உண்டு. 2008ல் 'வேர்ல்ட் ஆஃப் கூ' வந்தபோது, ஆடுபவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் திருட்டுப் பிரதிக்காரர்கள் என்று செய்தவர்களே கணக்குச் சொன்னார்கள். அதே கேம் உட்பட சில சின்ன கேம்களை 2010 மே மாதம் 'ஹம்பிள் இண்டி பண்டில்' என்று, 'இஷ்டப்பட்டதைக் கொடுங்கள்' என விற்றார்கள். 12 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. சராசரியில் அதிகம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? எல்லாமே இலவசம் என்று பெயர் வாங்கிய லினக்ஸ்காரர்கள்! கேட்கிற விதத்தில் கேட்டால் மக்கள் கொடுக்கிறார்கள். காசு இல்லாத மாணவர்கள் டெமோவை ஆடிவிட்டு நாலு வரி விமர்சனம் எழுதினாலும் போதும். ஒரு நாளைக்கு 50 கேம் வரும் கூட்டத்தில் அதுவும் ஒரு கைவிளக்கு.

கேம் செய்யும் ஆசையில் கல்லூரியை விட்டு ஓட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எரிக் பரோன் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. அதே நாலரை வருடத்தைப் போட்டு, நூறு பிரதிகூட விற்காதவர் பெயர் யாருக்கும் தெரியாது. கலாந்தே ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு செலவில் செய்த 'வாம்பயர் சர்வைவர்ஸ்', 'எல்டன் ரிங்'கையே தாண்டி 2023ல் பாஃப்டாவின் சிறந்த கேம் விருதை வாங்கியது உண்மை. அவர் முதலில் போட்டது சின்ன தொகை, சின்ன கேம் என்பதும் உண்மை. சின்னதாக ஆரம்பித்து, முடித்து, வெளியிடுவது நல்லது. வீட்டை அடகு வைத்து ஆரம்பிக்க வேண்டாம்.

கருநாகத்துக்குப் புற்று கட்டத் தெரியாது. கறையான் கட்டுவதை நிறுத்திவிட்டால் அதற்கும் வீடு இல்லை. இதைப் புரிந்துகொண்டு வாடகையைக் குறைப்பது தர்மம் அல்ல, நல்ல வியாபாரம்.

பி.கு: 'வெண்பா'வை முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பசியோடு உட்கார வேண்டாம்.